பனித் துளைக்கு ஒன்று, பண்ணவாடிக் கரைக்கு ஒன்று: எந்தச் சோனாரை வாங்குவது?

டொரன்டோவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், சென்ற பனிக்காலம் முடிந்த கையோடு தொலைபேசியில் அழைத்து, "மாமா, அடுத்த சீசனுக்குள்ள ஒரு ஃபிஷ் ஃபைண்டர் வாங்கிடலாம்னு இருக்கேன், எதை வாங்கறதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றான். சேலத்தில் முப்பது ஆண்டுகள் ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தவனிடம் இதைக் கேட்டதில் தவறில்லை. அனுப்பிய ஒலித்துடிப்பு எதிரொலியாகத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அந்த நேரத்தைத் தூரமாக மாற்றிக் காட்டும் சோனார் பெட்டிதான் அது. ஆனால் நான் நடுநிலையோடு ஆராயத் தொடங்கினேன் என்று சொல்ல முடியாது. அவன் வாங்கும் கருவியை ஊருக்கு வரும்போது கொண்டுவந்தால், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடிக் கரையில் நானும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற ஆசை உள்ளுக்குள் இருந்தது. அந்த ஆசை இந்த ஒப்பீட்டை எந்தப் பக்கம் இழுத்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவன் போகிற ஏரி சிம்கோ. டொரன்டோவுக்கு வடக்கே காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவு. பரப்பு 720 சதுர கிலோமீட்டர் அளவில் இருக்கும்; மேட்டூர் முழுக் கொள்ளளவில் நிற்கும்போது விரியும் 153 சதுர கிலோமீட்டரைப் போல நான்கரை மடங்குக்கும் மேல். மிக ஆழமான இடம் சுமார் 41 மீட்டர். சேலத்துக்காரர்கள் மீனையும் பனிக்கட்டியையும் சேர்த்துப் பார்க்கும் இடம் மீன் மார்க்கெட்டின் தெர்மாகோல் பெட்டிதான். அந்த ஏரியிலோ உயிருள்ள மீன் கீழேயும் பனிக்கட்டி மேலேயுமாக இருக்க, நடுவில் துளை போட்டுக்கொண்டு மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நாள் முழுவதும் அப்படி உட்கார்ந்திருந்தேன். அங்கே குடில்களை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெர்ச் வேண்டுமா, ட்ரவுட் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற ஆழத்தில் முன்கூட்டியே துளையிட்டு, உள்ளே அடுப்பு எரியும் குடிலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள்; மாலையில் வந்து அழைத்துக்கொள்வார்கள். என் மருமகன் குழந்தைகளோடு போவதால் எப்போதும் இப்படித்தான் போகிறான். இந்தச் சிறு விவரம்தான் பிற்பாடு பாதித் தீர்ப்பை எழுதியது.

அவன் முன்னால் இருந்த வழிகள் நான்கு. முதலாவது, வட்ட முகப்பில் வண்ண ஒளிக்கோடுகள் மின்னும் ஃபிளாஷர். இரண்டாவது, எதிரொலிகளை வலமிருந்து இடமாக ஓடும் படமாக வரையும் சிறிய எல்சிடி திரைக் கருவி. மூன்றாவது, தண்ணீரில் மிதந்துகொண்டு வைஃபை வழியாகக் கைபேசிக்குப் படம் அனுப்பும் பந்து. நான்காவது, கார்மின் நிறுவனம் 2018ல் லைவ்ஸ்கோப் என்ற பெயரில் வெளியிட்ட பிறகு பரவலான நேரலைச் சோனார். முதல் மூன்றும் சில நூறு டாலருக்குள் கிடைக்கும். நான்காவது திரை, பேட்டரி எல்லாம் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்று கடைக்காரர்கள் அடுக்கி வைத்திருக்கும் வரிசை இது. அந்த வரிசையை மறந்துவிட்டு, பிடிக்கப்போகும் மீனிலிருந்து தொடங்கினால் கணக்கு வேறாக வருகிறது.

பெர்ச் என்றதும் நம் பனையேறிக் கெண்டையை நினைத்துவிடக் கூடாது; அதற்கு ஆங்கிலத்தில் 'ஏறும் பெர்ச்' என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, இரண்டும் வெவ்வேறு குடும்பம். சிம்கோவில் கிடைப்பது மஞ்சள் பெர்ச். பகலில் கூட்டமாக, தரையை ஒட்டித் திரியும், கண்ணால் பார்த்து இரை எடுக்கும், இருட்டினால் அடங்கிவிடும். கூட்டம் துளைக்கு அடியில் வந்தால் சில நிமிடங்கள் நிற்கும், சில நேரம் அதுகூட நிற்காது. கடியும் மெல்லியது, இரையை வாயில் வாங்கி உமிழ்வதற்குள் கோலைத் தூக்கிவிட வேண்டும். லேக் ட்ரவுட், நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகத்தின் வழியாக 1907 முதல் நாம் அறிந்திருக்கும் ட்ரவுட்டின் தூரத்து உறவு. குளிர் நீரை விரும்புவது, தனியாக உலவுவது, இருபது, இருபத்தைந்து மீட்டர் ஆழத்தில் வேட்டையாடுவது அதன் இயல்பு. ஆனால் பனிக்கு அடியில் நீர் முழுவதுமே குளிர்ந்திருப்பதால், தரையிலிருந்து பனியின் அடிப்பரப்பு வரை எந்த மட்டத்திலும் அது கடந்து போகலாம். ஓடும் இரையைத் துரத்திக்கொண்டு பல மீட்டர் மேலே ஏறிவரும். ஆகவே பெர்ச்சுக்குத் தேவை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் நடப்பதை அந்த நொடியிலேயே பிரித்துக் காட்டும் கருவி. ட்ரவுட்டுக்குத் தேவை, நாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மூன்று மீட்டர் ஆழத்தில் ஒன்று கடந்து போனதை நினைவில் வைத்திருந்து காட்டும் கருவி. இந்த இரண்டு தேவைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

சோனார் மீனின் தசையைவிட அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையையே பெரும்பாலும் 'பார்க்கிறது'. நீரிலிருந்து காற்றுக்குள் நுழைய முடியாமல் ஒலி பலமாகத் திரும்பிவிடுகிறது. பெர்ச்சின் காற்றுப்பை மூடியது. ட்ரவுட்டின் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு நாளம் இருக்கிறது. ஆழத்திலிருந்து இழுக்கப்படும் ட்ரவுட் வழியெல்லாம் குமிழ் விட்டுக்கொண்டே வரும், திரும்ப விட்டாலும் பிழைக்க வாய்ப்புண்டு. பத்து மீட்டருக்குக் கீழிருந்து வரும் பெர்ச் வயிறு உப்பிப் போகும். அதைத் திரும்ப விடுவது பல நேரம் பெயரளவுக்குத்தான். நல்ல கருவி கையில் இருப்பவனுக்கு ஆழத்தில் கிடக்கும் பெரிய பெர்ச் கூட்டம் எளிதில் அகப்படும் என்பதால், சமைக்கத் தேவையான அளவு வந்ததும் ஆழமான துளையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவைத்தேன்.

அடுத்தது கூம்பின் அளவு. ஒலியை நீருக்குள் அனுப்பி எதிரொலியை வாங்கும் உறுப்பான டிரான்ஸ்டியூசரிலிருந்து ஒலி கீழ்நோக்கிக் கூம்பாக விரிகிறது. 20 பாகைக் கூம்பு 8 மீட்டர் ஆழத்தில் 2.8 மீட்டர் அகலமும், 25 மீட்டரில் 8.8 மீட்டர் அகலமும் விரியும். 9 பாகைக் கூம்பு அதே ஆழங்களில் 1.3 மீட்டரும் 3.9 மீட்டரும்தான். அகலமான கூம்பு அதிக நீரைப் பார்க்கிறது என்பதால் அதுவே மேல் என்று தோன்றும். ஆனால் கூம்பின் நடுவில் தரை எதிரொலித்து முடித்த பிறகே ஓரத்தில் தரைக்கு அருகில் இருக்கும் மீனின் எதிரொலி வந்துசேரும். தரையின் பலத்த எதிரொலிக்குள் அது மறைந்துவிடும். சமதரையிலேயே 20 பாகைக் கூம்பில், 25 மீட்டர் ஆழத்தில், ஓரத்தில் இருக்கும் மீன் தரையிலிருந்து 38 செ.மீ. உயரத்துக்குள் இருந்தால் தெரியாது. 9 பாகையில் அந்தக் குருட்டு உயரம் 8 செ.மீ. அளவுதான். தரை சரிவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தரையை ஒட்டிக் கிடக்கும் மீனுக்கு, சரிவிலும் ஆழத்திலும் குறுகிய கூம்பு. மேலே உலவும் மீனுக்கு அகலமான கூம்பு. இரண்டையும் மாற்றிக்கொள்ள வசதியுள்ள டிரான்ஸ்டியூசருக்காகக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுக்கலாம். திரையின் அங்குலத்துக்காகக் கொடுக்கும் பணத்தைவிட அது பயன் தரும்.

ஃபிளாஷரை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பழைய ரேடியோ டயல் நினைவுக்கு வந்தது. உச்சியில் பூஜ்யம், கடிகார முள் சுற்றும் திசையில் ஆழம் கூடுகிறது, தரை தடித்த சிவப்புப் பட்டையாக நிற்கிறது, நம் இரை மெல்லிய பச்சைக் கோடாகத் தெரிகிறது. மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது பச்சையாகத் தொடங்கி, நேர் அடியில் வரும்போது சிவப்பாகிறது. 25 மீட்டர் போய்த் திரும்பும் ஒலிக்கு ஒரு நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அதைத் தாண்டிய தாமதம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இரையை இரண்டு விரற்கடை தூக்கினால் கோடும் அப்போதே அசைகிறது, பெர்ச் எழுந்து வருகிறதா, முகர்ந்துவிட்டு விலகுகிறதா என்பதும் அப்போதே தெரிகிறது. ஒலித்துடிப்பின் நீளம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நெருக்கமான பொருட்களைப் பிரித்துக் காட்ட முடியும்: ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு நீடிக்கும் துடிப்பு, பனிக்கு அடியில் உள்ள நீரில் 14 செ.மீ. நீளம் இருக்கும், அதில் பாதியான 7 செ.மீ.க்குள் நெருங்கிவிட்ட மீனும் இரையும் ஒரே கோடாகிவிடும். கருவியின் விளக்கத் தாளில் பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான். விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போடுகிற வாட் கணக்கு, 10 மீட்டர் பெர்ச் துளையில் ஒன்றுக்கும் உதவாது. ஃபிளாஷரின் பெருங்குறை, அதற்கு நினைவு கிடையாது என்பது. பார்வையை எடுத்த நேரத்தில் வந்து போன மீன், வராத மீனுக்குச் சமம்.

எல்சிடி திரையின் பலமும் பலவீனமும் இதற்கு நேர் எதிர். படகில் ஓடும்போது வில் வடிவில் தெரிகிற மீன், பனியில் நாம் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் நீண்ட கோடாகத் தெரியும். இதைப் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: கோட்டின் நீளம் மீனின் நீளமல்ல, அது கூம்புக்குள் நின்ற நேரம். இரை ஆடுவது மேலும் கீழுமான நெளிவாகவும், அதை நோக்கி எழும் ட்ரவுட் சாய்ந்து ஏறும் கோடாகவும் வரையப்படுவதைப் பார்த்தபோது, பழுதான டிவியின் சிக்னலை ஆசிலோஸ்கோப்பில் பார்த்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒரு நிமிடத்துக்கு முன் எந்த ஆழத்தில் என்ன கடந்தது என்பது திரையில் நிற்கிறது. ட்ரவுட்டுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவனுக்கு இது பெரிய உதவி. குறை, குளிர். திரவப் படிகம் உறைநிலைக்குக் கீழே போகப் போக மந்தமாகும். மைனஸ் 20 பாகை செல்சியஸில் திறந்த வெளியில் படம் இழுபடும். ஃபிளாஷருக்கு அந்தத் தொல்லை குறைவு. திறந்த பனியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருகிறவனாக இருந்தால் நான் தயங்காமல் ஃபிளாஷர் என்றே சொல்லியிருப்பேன். அடுப்பு எரியும் வாடகைக் குடிலில் உட்காருகிறவனுக்கு அந்த வாதம் செல்லாது. மேலும் இப்போது வரும் சிறிய எல்சிடி கருவிகள் பலவற்றில், ஓடும் படத்துக்குப் பக்கத்திலேயே ஃபிளாஷர் முகப்பையும் காட்டும் வசதி இருக்கிறது. அசல் ஃபிளாஷரின் துல்லியம் முழுமையாகக் கிடைக்காவிட்டாலும், இரண்டு மீனுக்கும் ஒரே கருவி என்றால் இதுதான் அருகில் வருகிறது.

நேரலைச் சோனாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது அற்புதமான கருவி. ஒரு துளையில் கம்பை இறக்கித் திருப்பினால், பல மீட்டர் தள்ளி மீன் எந்தத் திசையில் நீந்துகிறது என்பதைச் சினிமாப் போலக் காட்டும். துளைக்குத் துளை நடந்து, மீன் நிற்கும் இடத்தில் புதிதாகத் துளைபோடுகிறவனுக்கு அந்தப் பணம் தகும். வாடகைக் குடிலில் துளைகள் ஏற்கெனவே போட்டவை. பதினைந்து மீட்டர் தள்ளி மீன் போவதைப் பார்த்து அவன் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். அந்தக் காட்சிக்கு ஆயிரம் டாலர் அதிகம்.

மிதக்கும் பந்துதான் என் சபலத்துக்குக் காரணமாக இருந்தது. நூறு கிராம் அளவுள்ள எடை, உள்ளேயே சிறிய பேட்டரி, கைபேசியே திரை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தொடக்கத்தில் அவனிடம் இதைத்தான் வாங்கச் சொன்னேன், அது தவறு. பனித் துளையில் பந்து மிதப்பதில் தடை எதுவுமில்லை. பனிக்கட்டியின் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்தே இருப்பதால், 40 செ.மீ. தடிமனுள்ள பனியிலும் நீர்மட்டம் மேலிருந்து மூன்று, நான்கு செ.மீ. கீழேதான் நிற்கும், வைஃபை அலைக்கு மறைப்பில்லை. தொல்லை வேறு இடங்களில் வருகிறது. ஒரு சாண் அகலத் துளையில் பந்தும் தூண்டில் நரம்பும் இடித்துக்கொள்கின்றன. எதிரொலி கைபேசிக்குப் போய்ப் படமாவதற்குள் ஏற்படும் சிறு தாமதம், பெர்ச்சின் ஒரு கடியைத் தவறவிடப் போதும். குடிலுக்கு வெளியே எடுத்துப்போனால் கைபேசியின் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடுகிறது. நான் அங்கே இருந்த நாளில், அவன் நண்பர் ஒருவரின் கைபேசி பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தும் பத்து நிமிடத்தில் அணைந்ததைப் பார்த்தேன். அப்படியிருந்தும் பந்தைப் பரிந்துரைத்தேன் என்றால், பரிந்துரைத்தது பண்ணவாடிக் கரைதான், நான் அல்ல.

அந்தக் கரையில் அதே பந்து வேறு பொருளாகிவிடுகிறது. அங்கே துளை இல்லை. தூண்டில் கோலால் ஐம்பது மீட்டர் வீசி, மெதுவாகச் சுற்றி இழுத்தால், இழுத்த பாதை முழுவதும் ஆழம் வரையப்படும். 15 பாகைக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் 2.6 மீட்டர் அகலமே பார்க்கும் என்பதால் வரைபடம் நம்பத்தக்கதாக இருக்கும். 55 பாகைக் கூம்பை வைத்தால் அதே ஆழத்தில் 10 மீட்டர் அகலம் கலங்கலாகக் கலந்துவிடும். 1934ல் அணை எழுந்தபோது நீருக்குள் போன ஊர்களின் மேல்தான் நாம் தூண்டில் வீசுகிறோம். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்த்தவர்களுக்கு, தரை சமமாக இருக்காது என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய வரப்பு, இடிந்த சுவர், மரக்கட்டை ஆகியவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் முள் மாட்டி அறுவது குறையும், வாளை பதுங்கும் இடமும் ஓரளவு பிடிபடும். மீனையே திரையில் பார்த்துவிடலாம் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. கட்லா மேல்மட்டத்தில் உலவுவது. துடிப்பு அனுப்பிய அதிர்வு அடங்கும் வரை எதிரொலியைக் கேட்க முடியாத மேல்நீரில் அது மறைந்துவிடுகிறது. மிருகால் தரையை மேய்வது. முன்பு சொன்ன குருட்டு உயரத்துக்குள் போய்விடுகிறது. நடுவில் திரியும் ரோகுதான் திரைக்கு வாய்ப்பானது. அத்துடன், வெதுவெதுப்பான சேற்றிலிருந்து எழும் வாயுக் குமிழ்கள் சாய்ந்த கோடுகளாகத் தெரிந்து மீன் போல ஏமாற்றும். இத்தனைக்கும் பிறகு, பரிசல் போட்டு வலை விடும் உரிமம் பெற்ற மீனவர்களுக்கு எந்தக் கருவியும் இல்லாமலே இந்தத் தரை மனப்பாடம். பந்து வேண்டியது என்னைப் போலக் கரையில் நிற்கிறவனுக்குத்தான்.

ஒலியின் வேகம் 28 பாகை செல்சியஸ் நீரில் நொடிக்குச் சுமார் 1,505 மீட்டர், பனிக்கு அடியில் 1,410 அளவு. ஒரே கருவி இரண்டு இடத்திலும் சரியாகக் காட்டுமா என்று ஒரு கட்டத்தில் கவலைப்பட்டேன். ஆறேழு சதவீத வித்தியாசம் வரலாம். ஆனால் மீனுக்கும் இரைக்கும் ஒரே பிழை என்பதால் பனித் துளையில் அது பொருட்டில்லை.

பேட்டரி விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. ஃபிளாஷர்களோடு நெடுங்காலமாக வந்தது, நம் கணினி யுபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் அதே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, குளிரில் கொள்ளளவு கணிசமாகக் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இலகுவானது, குளிரில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுவந்து சூடேறிய பிறகே ஏற்ற வேண்டும். விமானத்தில் 100 வாட்-அவர் வரை கைப்பையில் தடையின்றிக் கொண்டுவரலாம், 12.8 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 128 ஆகி, விமான நிறுவனத்தின் முன் அனுமதி கேட்க வேண்டிவரும். பந்துக்கு இந்தக் கணக்கே இல்லை. இன்னொன்று: தெளிந்த, குமிழ் இல்லாத பனியின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி டிரான்ஸ்டியூசரை வைத்தால் துளையிடாமலே ஆழம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பனி மனிதனைத் தாங்குமா என்பதை எந்தச் சோனாரும் சொல்லாது. தெளிந்த பனியே குறைந்தது 10 முதல் 15 செ.மீ. வேண்டும் என்கிறார்கள், வெண்மையான பனிக்கு அதில் பாதி வலிமைதான்.

ஆகவே மருமகனுக்கு நான் கடைசியாகச் சொன்னது, ஃபிளாஷர் முகப்பும் சேர்ந்த சிறிய எல்சிடி கருவி, கூம்பை மாற்றும் டிரான்ஸ்டியூசர், 7 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி. அவன் பத்து முறை போனால் ஏழெட்டு முறை பெர்ச்சுக்குத்தான் போகிறான்; ட்ரவுட் குடிலில் இருக்கும் நாட்களில் ஓடும் படம் போதும். "அப்ப உங்களுக்கு, மாமா?" என்றான். ஒரே கருவியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அணையிலிருந்து டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12ல் திறக்கும் நீர் ஜனவரி 28ல் நிற்கிறது. ஆடி வெள்ளத்தின் கலங்கல் எல்லாம் படிந்து, தண்ணீர் அசையாமல் தெளிந்து கிடப்பது அதற்குப் பிந்திய தை, மாசி மாதங்களில். சிம்கோவில் பனி தடித்து நிற்பதும் அதே மாதங்களில்தான். பந்து எனக்குத் தனியாக வருகிறது.